ரெஸ்யூமின் மேல் ஏற்றப்பட்ட பழி

வேலை தேடுபவர் தம் படிப்பையும் அனுபவத்தையும் ஓரிரு பக்கங்களில் எழுதி வேலை தருபவருக்கு அனுப்பும் தாள் ரெஸ்யூம். அதைப் பற்றி இன்று பரவலாக நிலவும் கருத்து இது: ரெஸ்யூம் நன்றாக இருந்தால் வேலை கிடைக்கும், கிடைக்கவில்லை என்றால் ரெஸ்யூமில்தான் கோளாறு. கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் அலுவலகங்கள், பயிற்சி மையங்கள், யூடியூப் ஆலோசகர்கள், நாளிதழ்களின் கல்வி இணைப்புகள் என எங்கும் இதே பாடம்தான். அதற்கு முட்டுக்கொடுக்க மூன்று செய்திகள் சொல்லப்படுகின்றன. ரெஸ்யூம்களில் 75 விழுக்காட்டை மனிதர் பார்க்கும் முன்பே எந்திரம் கழித்துவிடுகிறது. தப்பிப் பிழைப்பதை அதிகாரி ஆறு விநாடிதான் பார்க்கிறார். ஆகவே சரியான கீவேர்டுகளைச் சரியான வடிவத்தில் திணிப்பவர் ஜெயிக்கிறார். இந்த மூன்றையும் நம்பிய இளைஞர் டெம்ப்ளேட் வாங்குகிறார், ரெஸ்யூம் எழுதித் தருபவருக்குப் பணம் கட்டுகிறார், நூறு நிறுவனங்களுக்கு ஒரே இரவில் அனுப்புகிறார், பதில் வராதபோது மறுபடி டெம்ப்ளேட் மாற்றுகிறார்.

இந்தக் கருத்து ரெஸ்யூம் செய்யக்கூடிய வேலையைப் பெரிதாக ஊதிக்காட்டுகிறது. ரெஸ்யூமை யாரும் திறக்கும் முன்பே நடந்து முடிந்துவிடும் தேர்வுகளை மறைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலைகள் போதாத குறையை வேலை தேடுபவரின் தலையில் கட்டுகிறது. கடைசியாகச் சொன்னதுதான் இவற்றில் மோசமானது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியில் உள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 விழுக்காடு. ரெஸ்யூமே இல்லாதவருக்கு வேலை இருக்கிறது, விதவிதமாக எழுதி வைத்திருப்பவருக்கு இல்லை என்று இதை வேடிக்கையாகச் சொல்லலாம். காரணம் வேடிக்கையானதல்ல. படிக்க வழியில்லாதவர் ஒரு வாரம்கூட சும்மா உட்கார முடியாது. கிடைத்த கூலிக்குப் போகிறார். படித்தவர் கடன் வாங்கிப் படித்த படிப்புக்கு ஈடான வேலைக்காகக் காத்திருக்கிறார். அந்தத் தரத்து வேலைகள் பட்டங்கள் பெருகிய வேகத்தில் பெருகவில்லை.

அரசுத் தேர்வில் இது மறைவில்லாமல் தெரிகிறது. 2024இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு முந்நூறுக்கும் அதிகமானவர்கள். இங்கே ரெஸ்யூம் கேட்பதில்லை, நேர்முகம் இல்லை, 200 கேள்விகள் கொண்ட ஒரே தாள். தேர்ச்சி பெறாத லட்சக்கணக்கானவர்களைப் பார்த்து ‘எழுதிய விதம் சரியில்லை’ என்று யாரும் சொல்வதில்லை; இடம் குறைவு என்று எல்லோருக்கும் தெரியும். தனியார் வேலையிலும் கணக்கு இதே கணக்குத்தான். ஆனால் அங்கே எத்தனை பேர் போட்டியிட்டார்கள் என்பது விண்ணப்பதாரர் கண்ணில் படுவதில்லை. வந்த பதில் மௌனம் மட்டும் என்பதால், கையில் இருக்கும் தாளைச் சந்தேகிக்கத் தொடங்குகிறார். ஓர் இடத்துக்கு விண்ணப்பித்த நூறு பேரும் ரெஸ்யூமைத் திருத்திக்கொண்டாலும் இடம் இரண்டாவதில்லை. தொண்ணூற்றொன்பது பேர் திரும்பத்தான் வேண்டும்.

இந்தப் பழியால் ஆதாயம் பெறுவோர் உண்டு. ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் என்ற நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் 80 விழுக்காட்டினர் அறிவுசார் பொருளாதாரத்தின் வேலைகளுக்குத் தகுதியற்றவர்கள் என்றது. ஆண்டுக்கணக்கில் மேடைதோறும் எடுத்தாளப்பட்ட எண் அது. அந்த நிறுவனத்தின் தொழில், வேலை தேடுவோருக்கு ஆம்கேட் என்ற தகுதித் தேர்வை நடத்துவதாக இருந்தது. அளந்தது தவறு என்று இதனால் ஆகிவிடாது. மருந்து விற்பவர் நோயைப் பற்றிச் சொல்லும் எண்ணை இரண்டாம் முறை பார்ப்பது நல்லது, அவ்வளவுதான்.

எந்திரம் பற்றிய 75 விழுக்காடு என்ற எண்ணுக்கு அந்த அளவு ஆதாரம்கூட இல்லை. அதன் மூலத்தைத் தேடிப் போனவர்கள் கடைசியில் சென்று சேர்ந்த இடம் ஓர் ஆய்வு அல்ல; ரெஸ்யூம் சீரமைப்புச் சேவை விற்றுவந்து 2013இல் மூடப்பட்ட ஓர் அமெரிக்க நிறுவனத்தின் விளம்பரப் பேச்சு. நிறுவனம் போய்விட்டது, எண் மட்டும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

விண்ணப்பங்களைக் கையாளும் மென்பொருள் உண்மையில் ஒரு பதிவேடு. ஆரக்கிளின் டேலியோ, வொர்க்டே, சென்னையிலிருந்து வரும் ஜோஹோ ரெக்ரூட் போன்றவை விண்ணப்பங்களை வாங்கி அடுக்குகின்றன, பெயர், தொலைபேசி எண், படிப்பு, அனுபவம் ஆகியவற்றைப் பிரித்துக் கட்டங்களில் இடுகின்றன, யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று காட்டுகின்றன, தேட உதவுகின்றன. ரெஸ்யூமின் எழுத்துரு பிடிக்கவில்லை என்று தாமாக எடுத்துக் கிழிப்பதில்லை. கழிப்பது நடக்கிறது, அது பெரும்பாலும் நிறுவனம் முன்கூட்டியே வைத்த கேள்விகளால் நடக்கிறது. இரவுப் பணிக்குச் சம்மதமா, எத்தனை வருட அனுபவம், எந்த ஆண்டில் தேர்ச்சி, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள். நிறுவனம் எதிர்பார்க்காத பதில் விழுந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ஹார்வர்டு வணிகப் பள்ளியும் அக்சென்சரும் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் நிறுவனங்களிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், தகுதியான ஆட்களே இத்தகைய வடிகட்டல்களில் விழுந்துவிடுகிறார்கள் என்று 88 விழுக்காடு நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. ஏறத்தாழ பாதி நிறுவனங்கள், ஆறு மாதத்துக்கு மேல் வேலையில் இடைவெளி இருந்தால் விண்ணப்பத்தை ஒதுக்கிவந்தன. பிரசவத்துக்காக வேலையை விட்ட பெண்ணும், படுக்கையில் விழுந்த அப்பாவைப் பார்த்துக்கொண்ட மகனும் இந்த விதியில்தான் அடிபடுகிறார்கள். விதியை எழுதியது மனிதர். டெம்ப்ளேட்டை மாற்றினால் இடைவெளி மறையாது.

ஆறு விநாடிக் கதையில் ஆய்வு என்று ஒன்று இருக்கிறது. தி லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைத் தளம் 2012இல் 30 ஆட்சேர்ப்பாளர்களின் கண்ணசைவை அளந்தது. 2018இல் மறுபடி அளந்தபோது ஆறு, 7.4 ஆனது. ரெஸ்யூம் எழுதித் தரும் சேவையையும் அத்தளம் விற்றது என்பது ஒருபுறமிருக்க, அந்த ஆய்வில் கண் எங்கே நின்றது என்பதை யாரும் சொல்வதில்லை. பெயர், இப்போதைய வேலை, முந்தைய வேலை, சேர்ந்த தேதி, விலகிய தேதி, படிப்பு. இந்த ஆறும் உண்மை விவரங்கள். எழுத்துத் திறமையால் மாறாதவை. ஆறு விநாடியில் பார்க்கப்படுவது அவை என்றால், மீதி இடத்தில் ஆயிரக்கணக்கில் செலவழித்து அடுக்கும் அலங்காரச் சொற்களை யார் படிக்கிறார்கள்? ஆய்வை மேற்கோள் காட்டுபவர்களே அதன் முடிவை எதிர்த்து வியாபாரம் செய்கிறார்கள்.

கீவேர்டு ஆலோசனையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நௌக்ரி என்ற வேலைத் தளம் 1997இல் தொடங்கியது. இன்று அதில் ஆள் தேடும் அதிகாரி ரெஸ்யூம்களை வரிசையாகப் படிப்பதில்லை. திறன், ஊர், அனுபவ ஆண்டு, தற்போதைய சம்பளம், நோட்டீஸ் பீரியட் என்று கட்டங்களை நிரப்பித் தேடுகிறார். கணக்கர் ஒருவர் ‘கணக்கு வேலை தெரியும்’ என்று மட்டும் எழுதியிருந்தால், டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ். என்று தேடுபவர் கண்ணில் அவர் படமாட்டார். தெரிந்த கருவியின் பெயரை, அது வழங்கும் பெயராலேயே எழுத வேண்டும். பத்து நிமிட வேலை. இதற்கு மேல் அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. தெரியாததைச் சேர்த்துத் தேடலில் அகப்படுபவர், தொலைபேசியில் கேட்கப்படும் முதல் கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்கிறார்.

கல்லூரிகளில் நடக்கும் கேம்பஸ் தேர்வைப் பார்த்தால் ரெஸ்யூமின் இடம் இன்னும் சுருங்குகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகள் 400க்கும் மேல். பெரிய நிறுவனங்கள் எல்லாக் கல்லூரிகளுக்கும் வருவதில்லை. எந்தக் கல்லூரி என்பதே முதல் வடிகட்டி. மாணவர் அந்த வடிகட்டியைப் பதினேழு வயதில், கலந்தாய்வு நாளில் கடந்தோ கடக்காமலோ முடித்துவிட்டார். அடுத்தது பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் பட்டப்படிப்பிலும் தனித்தனியே 60 விழுக்காடு, நிலுவையில் அரியர் கூடாது என்பன போன்ற நிபந்தனைகள். அதற்கடுத்து ஆன்லைன் தேர்வு. இவற்றில் தேறியவரின் ரெஸ்யூம்தான் மேசைக்கு வருகிறது, அதுவும் நேர்முகத்தில் பேச்சைத் தொடங்க ஒரு சாக்காக. வெளிமாவட்டக் கல்லூரி ஒன்றில், நிறுவனமே வராத வளாகத்தில், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘வெற்றி தரும் ரெஸ்யூம்’ என்று ஒருநாள் பயிலரங்கு நடத்துவது அவர்களுக்குச் செய்யும் உதவியா, நிர்வாகம் தன் பொறுப்பைக் கைகழுவும் வழியா என்று கேட்கலாம்.

அப்படியானால் வேலை எந்த வழியாகக் கிடைக்கிறது? சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரில், அண்மையில் வேலை மாறிய தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களிடம் இதைத்தான் கேட்டார். 1974இல் நூலாக வந்த அந்த ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றிருந்தனர். தெரிந்தவர் என்றால் அண்ணன் தம்பியோ உயிர் நண்பரோ அல்ல. அப்படி வேலை பெற்றவர்களில் அந்த நபரை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு அவர் எப்போதாவது, அல்லது அரிதாகவே கண்ணில் படும் மனிதர். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரியும். தள்ளி நிற்பவர்தான் வேறோர் இடத்துச் செய்தியைக் கொண்டுவருகிறார். லிங்க்டுஇன் தளத்தில் இரண்டு கோடிப் பேரை உட்படுத்தி ஐந்து ஆண்டுகள் நடந்த சோதனைகளின் முடிவு 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஓரளவே பழக்கமான தொடர்புகள்தான் நெருக்கமானவற்றைவிட வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகின்றன என்று அதுவும் காட்டியது. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களில் பலவும் ஆள் பரிந்துரைக்கும் ஊழியருக்கு ஊக்கத்தொகை தருகின்றன. திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லர் தேவை என்றால் முதலில் கேட்கப்படுவது உள்ளே இருக்கும் டெய்லர்தான். இரண்டு இடத்திலும் வழி ஒன்று.

ரெஸ்யூமின் பெருமைக்குச் சான்றாக ஆலோசகர்கள் விரும்பிச் சொல்லும் கதையும் இதைத்தான் காட்டுகிறது. லியோனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு எழுதிய கடிதம் உலகின் முதல் ரெஸ்யூம் என்பார்கள். பாலம் கட்டுவேன், கோட்டையைத் தகர்ப்பேன், பீரங்கி செய்வேன் என்று வரிசையாகச் சொல்லி, ஓவியம் தீட்டத் தெரியும் என்பதைக் கடைசியில் வைத்த கடிதம். இன்று கிடைப்பது அதன் வரைவு; அதுவும் அவர் கையெழுத்தில் இல்லை. அது அனுப்பப்பட்டதா என்பதே உறுதியில்லை. அவர் மிலானுக்குப் போனது எப்படி என்பதற்குப் பழைய வாழ்க்கைக் குறிப்பு ஒன்று சொல்வது வேறு: ஃபிளாரன்ஸின் லோரென்சோ டி மெடிசி, லுடோவிகோவுக்குப் பரிசாக ஒரு யாழைக் கொடுத்து லியோனார்டோவை அனுப்பிவைத்தார். பெரிய இடத்து அறிமுகம், கையில் காட்டுவதற்கு ஒரு வேலைப்பாடு. பீரங்கிப் பட்டியலுக்கு அங்கே என்ன வேலை?

‘ஆகவே ரெஸ்யூமை விடு, ஆள் பிடி’ என்று முடித்துவிட்டால் அது இன்னொரு பொய். அறிமுகம் எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. அப்பாவும் சித்தப்பாவும் அலுவலக வேலையில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குத் தொலைபேசியில் பத்து எண்கள் இருக்கும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஒன்றுகூட இருக்காது. ரெஸ்யூம் இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும், அங்கே தகுதி மட்டும் பேசும் என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் வெளியிட்ட ஆய்வு இந்த வாதத்தைச் சோதித்துப் பார்த்தது. நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்கள், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். மொத்தம் 4,808 விண்ணப்பங்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. எழுத்து ஒன்றே, படிப்பு ஒன்றே, பெயர் மட்டும் வேறு. அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் கறுப்பினப் பெயர்களை வைத்து பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் செய்து 2004இல் வெளியிட்ட சோதனையிலும் இதே கதை: வெள்ளையர் பெயர்களுக்கு 50 விழுக்காடு அதிக அழைப்புகள்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின் சாதி போடும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்துவிட்டதால் இங்கே அந்தச் சிக்கல் இல்லை என்று திருப்திப்படுவதற்கில்லை. மதம் பெயரிலேயே தெரிகிறது. அப்பா பெயர், அவர் தொழில், சொந்த ஊர், பள்ளியின் பெயர் எல்லாம் பயோடேட்டாவில் வரிசையாக இருக்கின்றன. வகுப்பு என்று ஒரு வரியே போட்டு பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று நிரப்பும் பழைய படிவம் இன்னும் பிரவுசிங் சென்டர் கணினிகளில் உயிரோடு இருக்கிறது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியில் 25 நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசி 2007இல் எழுதிய கட்டுரையின்படி, தகுதி ஒன்றே அளவுகோல் என்று சொன்ன அதே மேலாளர்கள் நேர்முகத்தில் குடும்பப் பின்னணியை விசாரிப்பதை இயல்பாகக் கருதினார்கள். அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு ரெஸ்யூமில் நல்ல பதில் எழுத முடியாது.

எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஆன்லைன் வேலைச் சந்தை ஒன்றில் புதிதாகப் பதிந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரில் பாதிப் பேருக்கு மட்டும், ரெஸ்யூமின் ஆங்கிலப் பிழைகளைத் திருத்தும் மென்பொருள் உதவி தரப்பட்டது. 2023இல் வெளியான முடிவின்படி, உதவி பெற்றவர்கள் வேலைக்கு எடுக்கப்பட்டது 8 விழுக்காடு அதிகம். எழுத்து உதவாது என்று இதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது. எவ்வளவு உதவியது என்பதுதான் கேள்வி. உதவி இல்லாதவர்களில் 100 பேருக்கு வேலை கிடைத்தால், உதவி பெற்றவர்களில் 108 பேருக்குக் கிடைத்தது. அதுவும், முகம் தெரியாதவர் திரையில் உள்ள எழுத்தை மட்டும் நம்பி ஆள் எடுக்கும் சந்தையில். பாதிப் பேரிடம் மட்டும் இருந்ததால் கிடைத்த அனுகூலம் அது. அத்தகைய மென்பொருள் இப்போது எல்லோர் கைபேசிக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. பிழையில்லாத ஆங்கிலம் இனி யாரையும் தனித்துக் காட்டாது.

இதன் பக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் ஏபெல், பர்கர், பிரைனோ ஆகியோர் செய்து 2020இல் வெளியிட்ட சோதனையை வைத்துப் பார்க்கலாம். ரெஸ்யூமோடு முந்தைய முதலாளியின் பரிந்துரைக் கடிதத்தை இணைத்தபோது அழைப்புகள் 60 விழுக்காடு கூடின. பெண்களுக்குத்தான் பலன் அதிகம். வேலை தேடுபவர் தம்மைப் பற்றித் தாமே எழுதும் எந்த வாக்கியத்தையும்விட, அவரோடு வேலை பார்த்த ஒருவர் எழுதும் நாலு வரிக்கு மதிப்பு இருக்கிறது. ஆள் எடுப்பவரின் பயம் இதுதான்: இவர் சொன்னதைச் செய்வாரா? நல்ல ரெஸ்யூம் அந்தப் பயத்தைக் குறைக்கிறது. அலங்கார ரெஸ்யூம் கூட்டுகிறது.

அம்பத்தூர்ப் பக்கம் புழங்கும் ஒரு மாதிரியை வரிவரியாகப் பார்த்தால் இது விளங்கும். மெக்கானிக்கல் டிப்ளமோ, சிறு பட்டறையில் எட்டு மாத அனுபவம். பயோடேட்டாவின் முதல் வரி குறிக்கோள்: புகழ்பெற்ற நிறுவனத்தில் சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் தம் வளர்ச்சிக்கும் பாடுபடுவது. அதே வரி அதே பிரவுசிங் சென்டரில் அச்சான எல்லாத் தாளிலும் இருக்கிறது. பிறகு மதிப்பெண் அட்டவணை. பிறகு பலம்: கடின உழைப்பு, நேர்மை, சீக்கிரம் கற்றுக்கொள்வது. பிறகு அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, பொழுதுபோக்கு கிரிக்கெட். கீழே, மேற்கண்டவை யாவும் உண்மை என்ற உறுதிமொழி, இடம், தேதி, கையொப்பம். எட்டு மாத வேலை ஒரே வரியில் முடிகிறது: சி.என்.சி. ஆபரேட்டர், அதாவது கணினி வழி இயங்கும் உலோகம் வெட்டும் எந்திரத்தை ஓட்டுபவர்.

இந்தத் தாளைக் கையில் வாங்கும் சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டியது அத்தனையும் அந்த ஒரு வரிக்குள் புதைந்து கிடக்கிறது. டர்னிங்கா, மில்லிங்கா? ஃபேனக் கண்ட்ரோலா, சீமென்ஸா? பீஸைப் போட்டு எடுக்க மட்டும் தெரியுமா, செட்டிங் தெரியுமா? அளக்கத் தெரியுமா? ஆகவே எழுத வேண்டியது இப்படி: டர்னிங் சென்டர், ஃபேனக் கண்ட்ரோல், புஷ், ஷாஃப்ட் வகைப் பாகங்கள், இன்சர்ட் மாற்றுவதும் டூல் ஆஃப்செட் திருத்துவதும் தாமே செய்தது, புரோகிராம் முழுதாக எழுதத் தெரியாது, ஓடும் புரோகிராமில் திருத்தம் செய்யத் தெரியும், மைக்ரோமீட்டர், போர் கேஜ் கொண்டு அளந்து சரிபார்த்தது, மூன்று ஷிஃப்டிலும் பழக்கம், பட்டறை சூப்பர்வைசரின் பெயரும் எண்ணும், அவர் சம்மதத்தோடு. ஐந்தாறு வரி. ‘எழுதத் தெரியாது’ என்ற இடம்தான் இதில் அதிகம் உழைக்கும் இடம். தெரியாததைத் தெரியாது என்று எழுதியவர் தெரியும் என்று எழுதியதை நம்பலாம் என்று படிப்பவருக்குத் தோன்றுகிறது. குறிக்கோள், பலம், மதம், கிரிக்கெட், உறுதிமொழி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் தாளில் இடம் தாராளமாக இருக்கும். ஒரு பக்கமா, இரண்டு பக்கமா என்ற சண்டைக்கு அப்போது தேவையே வராது.

கணினிப் படிப்பு முடித்த ஃப்ரெஷரின் ரெஸ்யூமில் நோய் வேறு திசையில். சி, சி++, ஜாவா, பைத்தான், எஸ்.க்யூ.எல். என்று பத்து மொழிகள் ஒரே வரியில் நிற்கும். நேர்முகம் செய்பவர் ஜாவாவைத் தொட்டு ஒரு கேள்வி கேட்டால் வரி முழுதும் சரியும். பிராஜெக்ட் என்ற இடத்தில் நூலக மேலாண்மை அமைப்பு இருக்கும், மொத்த வகுப்புக்கும் ஒன்றாக. உண்மையிலேயே தாம் எழுதிய ஐம்பது வரி நிரலையும், அது எங்கே உடைந்தது, எப்படிச் சரியானது என்பதையும் எழுதியவர் அந்தப் பத்து மொழிக்காரரைத் தாண்டிவிடுவார்.

பொய் அனுபவம் சேர்ப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காசு வாங்கிக்கொண்டு அனுபவச் சான்றிதழ் ஏற்பாடு செய்யும் கன்சல்டன்சிகள் நகரங்களில் இருக்கின்றன. 2014 முதல் வருங்கால வைப்பு நிதி உறுப்பினருக்கு யு.ஏ.என். என்ற ஒரே எண் இருப்பதால், எந்த நிறுவனத்தில் எந்த மாதம் சேர்ந்து எந்த மாதம் விலகினார் என்பது அதிலேயே வரிசையாகப் பதிவாகிறது. சரிபார்ப்பில் மாட்டியவர் இழப்பது வேலையோடு நிற்பதில்லை.

இதுவரை சொன்னவற்றை ஒப்புக்கொண்டால் வேலை தேடும் வரிசையும் தலைகீழாகிறது. பரவலான ஆலோசனை ரெஸ்யூமில் தொடங்கி, பரப்பி அனுப்புவதில் முடிகிறது. முதலில் வர வேண்டியது, போய்வரக்கூடிய தூரத்தில் எந்தெந்த இடங்களில் இந்த வேலை நடக்கிறது என்ற பட்டியல். அடுத்தது, அங்கே உள்ளே இருப்பவர் யார் என்ற விசாரணை: இரண்டு வருட சீனியர், பாலிடெக்னிக் லேப் இன்ஸ்ட்ரக்டர், அந்தக் கம்பெனிக்குச் சரக்கு கொடுக்கும் பட்டறைக்காரர். அவரிடம் ‘வேலை வாங்கிக் கொடுங்கள்’ என்று கேட்டால் கதவு மூடும். ‘உங்கள் பிரிவில் என்ன மெஷின் ஓடுகிறது, ஆள் எப்போது எடுப்பார்கள், யாரைப் பார்க்க வேண்டும்’ என்று கேட்டால் பெரும்பாலோர் பதில் சொல்வார்கள். கிரானோவெட்டர் கண்ட எப்போதாவது சந்திக்கும் மனிதர் இவர்தான். பிறப்பால் வராத அறிமுகத்தை இந்த அளவுக்கு முயன்று உண்டாக்க முடியும். ரெஸ்யூம் அவர் சொன்னதற்கேற்ப, அந்த ஓர் இடத்துக்காக, கடைசியில் எழுதப்படுவது.

தாளே தேவைப்படாத வாசல்களும் உண்டு. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் இப்போதைய விதிகள்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பயிற்சியாளர்களை எடுக்க வேண்டும். உதவித்தொகை குறைவு, பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை; மலிவான கையாள்களாக மட்டும் வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஆனாலும், ஓராண்டு ஒருவர் கண்முன் வேலை பார்ப்பது எந்த ரெஸ்யூமும் தர முடியாத சான்று. ஜோஹோ நிறுவனம் பள்ளிப் படிப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களைப் பட்டம் கேட்காமல் எடுத்து, உதவித்தொகையோடு பயிற்சி தந்து வேலைக்கு வைத்துக்கொள்வது இதே தர்க்கத்தில்தான். மாவட்ட வேலைவாய்ப்பு மையங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களிலும் நேரில் பேசுவதே பாதித் தேர்வு. தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ போன்ற திறன் பயிற்சித் திட்டங்களும் நிறுவனங்களின் உள்ளே மாணவரைக் கொண்டுபோய் விடும் அளவுக்குத்தான் பயன்படும். வகுப்பறையில் ரெஸ்யூம் பாடம் நடத்தும் அளவுக்கு அல்ல.

மீதி வேலை ஆள் எடுப்பவர்கள் பக்கம் இருக்கிறது. முதல் வடிகட்டலில் பெயர், அப்பா பெயர், ஊர், கல்லூரி ஆகியவற்றை மறைத்துவிட்டுத் திறனை மட்டும் பார்ப்பது செலவில்லாத காரியம். இடைவெளி ஆறு மாதத்தைத் தாண்டினால் ஒதுக்கு என்ற விதியை நீக்குவது மென்பொருளில் ஒரு நிமிட வேலை. அரை மணி நேரம் எந்திரத்தின் முன்னோ கணக்குப் புத்தகத்தின் முன்னோ உட்காரவைத்துப் பார்த்தால் பத்துப் பக்கம் படித்தாலும் தெரியாதது தெரிந்துவிடும். காலியிடமே இல்லாமல் ரெஸ்யூம் சேகரிக்க விளம்பரம் போடும் கன்சல்டன்சிகளைக் கேட்பார் இல்லை. சம்பளத்தை எழுதாமல் ‘தகுதிக்கேற்ப’ என்று மட்டும் போடும் விளம்பரத்தை ஒழுங்கற்றதாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் தற்போதைய சம்பளத்தை எழுதாத விண்ணப்பதாரர் ஒழுங்கற்றவர். 1959ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு அலுவலகச் சட்டம், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அங்கிருந்து ஆள் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதன் இடத்தில் கொண்டுவரப்பட்ட 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் தெரிவிக்கும் கடமையை மட்டும் வைத்துக்கொண்டு, எடுக்கும் கடமையை வெளிப்படையாக விலக்கிவிட்டது.